மாங்கூழ் ஸ்டாக்கிலிருந்து ரிஸ்க் டிபார்ட்மென்ட் வரை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் படித்துவிட்டு வங்கியின் ரிஸ்க் மேனேஜ்மென்ட் துறைக்குப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். அந்தத் துறையின் வேலை மூன்று கேள்விகளில் அடங்கிவிடும். கொடுத்த கடன் எதனால் திரும்பாமல் போகும்? போனால் எவ்வளவு போகும்? அதைத் தாங்க வங்கியிடம் சொந்த மூலதனம் இருக்கிறதா? முதல் இரண்டுக்கும் பதில் கற்றுக்கொள்ள நம் பக்கத்துக் கிளைகளைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

நுழைவது எப்படி

பொதுத்துறை வங்கி என்றால் ஐ.பி.பி.எஸ். பி.ஓ. தேர்வுதான், அதாவது வங்கிகளுக்குப் பொதுவாக அதிகாரிகளை எடுக்கும் தேர்வுதான், நேர்வழி. எந்தப் பட்டமும் போதும். வயது 20 முதல் 30 வரை, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. பிரிலிம்ஸ், மெயின்ஸ், நேர்முகம் என்று மூன்று கட்டம். சேர்ந்தவுடன் ரிஸ்க் துறை கேட்டால் கிடைக்காது. முதலில் கிளை, அதுவும் பெரும்பாலும் கவுன்டர் வேலைதான். கடன் மேசையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இரண்டு ஆண்டாவது உட்காராமல் தலைமை அலுவலகத்துக்கு முயல வேண்டாம்.

புள்ளியியல், கணிதம் படித்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பெங்களூரில் வெளிநாட்டு வங்கிகளின் சேவை மையங்கள் ரிஸ்க் மாடல் வேலைக்கு, அதாவது கடன் மூழ்கும் வாய்ப்பைக் கணிதத்தால் கணிக்கும் வேலைக்கு, ஆள் எடுக்கின்றன. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். அங்கே டேட்டாவை எடுக்கும் எஸ்.க்யூ.எல்., நிரல் எழுதும் பைத்தான், எண்களுக்கிடையே உள்ள தொடர்பைக் கணிக்கும் ரிக்ரெஷன் மூன்றும் கையில் இருக்க வேண்டும். எக்செல் மட்டும் வைத்துக்கொண்டு போனால் முதல் சுற்றிலேயே திரும்ப வேண்டியிருக்கும்.

கிளையில் கற்க வேண்டியவை

ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டிலிருந்து, அதாவது கடன் வாங்கியவர் தரும் சரக்குக் கையிருப்புப் பட்டியலிலிருந்து, தொடங்குங்கள். கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் கேஷ் கிரெடிட் கணக்கு (சரக்கை ஈடாக வைத்து வேண்டும்போது பணம் எடுக்கும் கடன்) உங்கள் மேசைக்கு வருகிறது என்று வையுங்கள். கையிருப்பு ₹40 லட்சம், மார்ஜின், அதாவது கடன்காரர் தன் பங்காகப் போட வேண்டியது, 25 சதவீதம். டிராயிங் பவர், அதாவது அவர் எடுக்கக்கூடிய உச்சத் தொகை, ₹30 லட்சம் என்று புதியவர் எழுதிவிடுவார். ஆனால் பழம் கொடுத்த தோட்டக்காரர்களுக்கும் மண்டிக்கும் ₹12 லட்சம் பாக்கி இருக்கிறது. அதைக் கழித்தால் பணம் கொடுத்து வாங்கிய சரக்கு ₹28 லட்சம்தான். டிராயிங் பவர் ₹21 லட்சம். ஒரே கழித்தல் விட்டுப்போனதில் ₹9 லட்சத்துக்கு வங்கியிடம் பிடிமானமே இல்லாமல் போகிறது. கூழ் அறுவடைக் காலத்தில் தயாராகி மாதக்கணக்கில் டிரம்மில் இருக்கும் சரக்கு என்பதால், எண்ணிப் பார்ப்பதோடு தயாரித்த தேதியையும் ஏற்றுமதி ஆர்டரையும் பாருங்கள்.

அடுத்தது அடமானம். ஓசூர் பக்கம் நில விலை ஏறியிருப்பதைப் பார்த்து, கடனைப் போல இரண்டு மடங்கு மதிப்புள்ள நிலம் இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடுவார்கள். அது விவசாய நிலமாக இருந்தால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி (நீதிமன்றம் போகாமல் அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம்) வங்கி அதை எடுத்து விற்க முடியாது. பிரிவு 31 அதை விலக்கி வைத்திருக்கிறது. வழக்குப் போட்டுத்தான் வசூலிக்க வேண்டும், ஆண்டுகள் ஓடும். பத்திரத்தில் உள்ள மதிப்பும் கைக்கு வரும் பணமும் வெவ்வேறு. இந்த வித்தியாசம் புரிந்தவருக்கு ரிஸ்க் பாடத்தில் வரும் எல்.ஜி.டி., அதாவது கடன் மூழ்கினால் இழக்கும் பங்கு, தானாகவே புரிந்துவிடும்.

அதைக் கணக்காகப் பார்ப்போம். கடன் ₹50 லட்சம், ஓராண்டில் மூழ்கும் வாய்ப்பு 4 சதவீதம், மூழ்கினால் இழக்கும் பங்கு 45 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், எதிர்பார்க்கும் இழப்பு 50,00,000 × 0.04 × 0.45 = ₹90,000. வட்டி விகிதம் இதையாவது ஈடுகட்ட வேண்டும். இதற்கு மேல் எதிர்பாராமல் வரும் இழப்பைத் தாங்கத்தான் மூலதனம். ரிசர்வ் வங்கி விதிப்படி 9 சதவீதமும் பாதுகாப்பு இருப்பு 2.5 சதவீதமும் சேர்த்து 11.5 சதவீதம். ரிஸ்க் வெயிட், அதாவது மூலதனக் கணக்குக்குக் கடனில் எடுத்துக்கொள்ளும் பங்கு, 100 சதவீதம் உள்ள ஒரு கோடிக் கடனுக்கு ₹11.5 லட்சம் ஒதுங்கிவிடும்.

தவணை தவறிய கணக்கை எஸ்.எம்.ஏ., அதாவது தனிக் கவனத்துக்குரிய கணக்கு, என்பார்கள்: 30 நாள் வரை எஸ்.எம்.ஏ.-0, 60 வரை எஸ்.எம்.ஏ.-1, 90 வரை எஸ்.எம்.ஏ.-2, அதற்கு மேல் வாராக்கடன். பயிர்க்கடனுக்கு இந்த நாள் கணக்கு பொருந்தாது. குறுகியகாலப் பயிருக்கு இரண்டு பருவம், நீண்டகாலப் பயிருக்கு ஒரு பருவம் பாக்கி நின்றால்தான் வாராக்கடன். இங்கே கவனிக்க ஒன்று: மார்ச் 30 அன்று பெரிய வரவு, ஏப்ரல் 2 அன்று அதே தொகை பற்று என்று இருந்தால் அந்தக் கணக்கை விடாதீர்கள். வெளியே கைமாற்று வாங்கிக் கணக்கைச் சரிக்கட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

கிளை முழுவதையும் ஒன்றாகப் பார்க்கவும் பழகுங்கள். மாந்தோப்பு, கூழ் ஆலை, லாரிக்காரர், டிரம் விற்பவர் என்று நான்கு வகைக் கடன் இருக்கும். தனித்தனிப் பெயர், தனித்தனி ஃபைல். காய்ப்பு தவறிய ஆண்டில் நான்கும் சேர்ந்தே சாயும். ஓசூரில் ஒரே வாகன நிறுவனத்துக்கு உதிரிபாகம் செய்யும் பத்துப் பட்டறைகளும் அப்படித்தான். கான்சென்ட்ரேஷன் ரிஸ்க் என்று புத்தகத்தில் படிப்பது இதைத்தான்.

தேர்வுகள்

வேலையில் சேர்ந்த பிறகு வங்கி ஊழியர்களுக்கான தொழில்முறைத் தேர்வுகளான ஜே.ஏ.ஐ.ஐ.பி., பிறகு சி.ஏ.ஐ.ஐ.பி. முடியுங்கள். இரண்டாவதில் விருப்பப் பாடமாக ரிஸ்க் மேனேஜ்மென்ட்டை எடுங்கள். ரிஸ்க் போன்ற பிரிவுகளில் பணிபுரிவோருக்குச் சான்றிதழ்ப் படிப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-லேயே வங்கிகளிடம் சொல்லியிருக்கிறது.

ரிஸ்க் துறைக்கான சர்வதேசச் சான்றிதழான எஃப்.ஆர்.எம். தேர்வு இரண்டு பகுதி: முதலில் 100 கேள்வி, அடுத்து 80, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். முதல் பகுதி தேறிய நான்கு ஆண்டுக்குள் இரண்டாவதை முடிக்க வேண்டும். தேர்ச்சிக்குப் பிறகும் இரண்டு ஆண்டு அனுபவம் காட்டினால்தான் பட்டம். கட்டணம் டாலரில், கணிசமான தொகை. பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியாத நிலையில் அதைக் கட்டாதீர்கள்; சூத்திரம் மனப்பாடமாகும், நேர்முகத்தில் ஒரு கேள்விக்கு நிற்காது.

காசில்லாமல் கிடைக்கும் நல்ல பாடம் ஒன்று உண்டு. வணிக வங்கிகள் தங்கள் இணையதளத்தில் பாசல் மூன்றாம் தூண் அறிக்கை, அதாவது சர்வதேச வங்கி மூலதன விதிகளின்படி பொதுமக்களுக்குத் தரும் தகவல் அறிக்கை, வெளியிடுகின்றன. எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கடன், மூலதன விகிதம் என்ன என்று அதில் அட்டவணை இருக்கும். நான்கு காலாண்டு அறிக்கைகளை எக்செல்லில் போட்டு எது ஏறியது, ஏன் என்று அரைப்பக்கம் எழுதிப் பாருங்கள்.

தலைமை அலுவலகத்துக்கு

வங்கிக்குள் வரும் அறிவிப்பையும், ஸ்கேல் 2, 3 என்ற அதிகாரி நிலைகளில் வெளியிலிருந்து எடுக்கும் ஸ்பெஷலிஸ்ட் ஆபீசர் அறிவிப்பையும் கவனித்து வாருங்கள். விண்ணப்பத்தில் "கடன் பிரிவில் பணிபுரிந்தேன்" என்று எழுதினால் யாரும் நின்று படிக்கமாட்டார்கள். எத்தனை கணக்கு, எவ்வளவு தொகை, எஸ்.எம்.ஏ.-வில் எத்தனை, எதை முன்கூட்டிக் கண்டுபிடித்தீர்கள் என்று எண்ணோடு எழுதுங்கள்.

இதற்காக மாதம் ஒரு பக்கம் குறிப்பு எழுதிவைப்பது நல்லது. ஆனால் வாடிக்கையாளர் பெயரோ கணக்கு எண்ணோ அதில் வரக்கூடாது. பயிற்சிக்குத்தானே என்று கிளையின் டேட்டாவைச் சொந்த மெயிலுக்கு அனுப்பினால், ஒழுங்கு நடவடிக்கையில் போய் முடியும்.