விசியோவுக்கும் ஆட்டோகேடுக்கும் இடையே வரைபடத்தை அளவு மாறாமல் கொண்டுசெல்வது எப்படி?

பொறியியல் வரைபட மென்பொருளான ஆட்டோகேடில் வரைந்த தளப்படத்தை, மைக்ரோசாஃப்டின் விளக்கப்பட மென்பொருளான விசியோவுக்குள் கொண்டுவந்து, அதன் மேல் இருக்கைகளையோ கணினி இணைப்புகளையோ குறிப்பது பலருக்கும் அன்றாட வேலை. கோப்பு திறந்தவுடன் வேலை முடிந்ததாகப் புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அலகு மாறியிருந்தால் 3000 மில்லிமீட்டர் சுவர், 3000 அங்குலமாக, அதாவது 76.2 மீட்டராகக் கணக்கில் ஏறிவிடும்.

முதலில் மூலக் கோப்பை நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஆட்டோகேடின் பர்ஜ் கட்டளை, பயன்படாத பிளாக்குகளையும் (ஒரே பொருளாகச் சேர்த்துவைத்த வடிவங்கள்) லேயர்களையும் (படத்தின் அடுக்குகள்) நீக்கும். ஆடிட் கட்டளை கோப்பிலுள்ள பிழைகளைத் திருத்தும். பிறகு யூனிட்ஸ் கட்டளையில் அலகைப் பார்த்துவிட்டு, நீளம் தெரிந்த ஒரு சுவரை டிஸ்ட் கட்டளையால் அளந்து, கிடைத்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஓர் எண்தான் கடைசிவரை நமக்குச் சாட்சி.

அடுத்து, சேவ் ஆஸ் மூலம் ஆட்டோகேடின் கோப்பு வடிவமான டிடபிள்யூஜியில் 2010 போன்ற பழைய பதிப்பாகச் சேமியுங்கள். 2018 வடிவத்தைப் படிக்க முடியாத மென்பொருள்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. மென்பொருள்களுக்கிடையே வரைபடத்தைப் பரிமாற உதவும் டிஎக்ஸ்எஃப் கோப்பாகச் சேமித்தால் இன்னொரு வசதி உண்டு. அது பெரும்பாலும் வெறும் எழுத்துக் கோப்பு என்பதால், நோட்பேடில் திறந்து '$இன்ஸ்யூனிட்ஸ்' என்பதை ஆங்கில எழுத்தில் ($INSUNITS) தேடலாம். அதற்குக் கீழே 70 என்ற வரியும், அதையடுத்து அலகைக் குறிக்கும் எண்ணும் இருக்கும். 1 என்றால் அங்குலம், 4 என்றால் மில்லிமீட்டர், 6 என்றால் மீட்டர். 0 இருந்தால் அலகே குறிக்கப்படவில்லை என்று பொருள். குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விசியோவில் இன்செர்ட் பட்டியில் கேட் டிராயிங் என்பதைத் தேர்ந்தெடுத்துக் கோப்பைக் காட்டினால், அளவுகோலையும் அலகையும் கேட்கும் பெட்டி ஒன்று திறக்கும். அவசரமாக ஓகே அழுத்தாமல், அலகு மில்லிமீட்டர்தானா என்று பார்த்து, பக்கத்தின் அளவுகோலோடு பொருத்துங்கள். தேவையற்ற லேயர்களையும் அங்கேயே மறைக்கலாம். தளப்படம் பின்னணிக்கு மட்டும் என்றால் அதைப் பூட்டியபடியே விட்டுவிடுங்கள். கன்வர்ட் செய்தால், அதாவது விசியோ வடிவங்களாக மாற்றினால், ஒவ்வொரு கோடும் தனி வடிவமாகிக் கோப்பு கனத்துவிடும் என்பதால், கோடுகளையே திருத்த வேண்டிய இடத்தில் மட்டும், அதுவும் தேவையான லேயருக்கு மட்டும் செய்வது நல்லது.

திரும்பும் வழியில் சேவ் ஆஸ் பட்டியலில் ஆட்டோகேட் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் விசியோவில் வடிவங்களோடு ஒட்டி நகரும் இணைப்புக் கோடுகள் ஆட்டோகேடில் வெறும் கோடுகளாகிவிடும் என்பதால், விசியோ மூலக் கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். தமிழில் எழுதிய குறிப்புகள் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், ஆட்டோகேடின் டெக்ஸ்ட் ஸ்டைலில், அதற்கே உரிய எஸ்எச்எக்ஸ் எழுத்துருவுக்குப் பதிலாகத் தமிழ் ஒருங்குறி எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

இறுதியாக, அதே சுவரை ஆட்டோகேடில் மீண்டும் டிஸ்ட் கொண்டு அளந்து பாருங்கள். 3000க்குப் பதில் 118.11 என்று வந்தால் படம் அங்குலத்தில் வந்திருக்கிறது. முழுப் படத்தையும் தேர்ந்தெடுத்து, ஸ்கேல் கட்டளையில் 25.4 கொடுத்தால் சுவர் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும்.