மாடுலர் கிச்சன் ஸ்கர்ட்டிங்: என்ன வாங்கலாம், எப்படி மாட்டலாம்

கீழ் கேபினட்டுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் நாலு இன்ச் இடைவெளியைத் திறந்தே விட்டால் சின்ன வெங்காயம் உருண்டு போய் அழுகும், கரப்பான் குடிவரும். எங்கள் வீட்டில் இதை மூடும் பட்டையை, அதாவது ஸ்கர்ட்டிங்கை, வாங்கி நானே மாட்டினேன். ரம்பம் பிடிக்கத் தெரிந்தால் யாரும் செய்யலாம். நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம், அது எப்போது வேண்டுமானாலும் கழன்று வர வேண்டும். ஆணி அடித்துத் தருகிறேன், சிலிக்கான் போட்டு ஒட்டிவிடுகிறேன் என்று ஆசாரி சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். சிங்க் பைப் கசிந்தால் தண்ணீர் அந்தப் பட்டைக்குப் பின்னால்தான் தேங்கும். கழற்ற முடியாவிட்டால் பிளைவுட் உப்பி லேமினேட் கிளம்பிய பிறகுதான் விஷயமே தெரியவரும்.

எதை வாங்குவது

என் ஓட்டு பிவிசிக்கு. உள்ளே கூடாக, முகப்பில் ஸ்டீல் நிறத்திலோ மர நிறத்திலோ ஃபாயில் ஒட்டி, நீளப் பட்டையாக வரும். அடி விளிம்பில் மெல்லிய ரப்பர் உதடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாப் போடும் தண்ணீரைத் தடுப்பது அதுதான். எலித் தொல்லை உள்ள தரைத்தள வீடு என்றால் மட்டும் அலுமினியம், விலை கூடும். கேபினட் நிறத்திலேயே வேண்டும் என்று பிளைவுட் கேட்டால் 710 கிரேடு (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) வாங்கி, தரையைத் தொடும் விளிம்பையும் எட்ஜ் பேண்ட் போட்டு மூடச் சொல்லுங்கள். எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு பக்கமே போக வேண்டாம். நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம், அது தாங்காது.

பட்டையின் உயரம் உங்கள் கேபினட் லெக்கை, அதாவது பெட்டியைத் தாங்கி நிற்கும் காலைப் பொறுத்தது. 100 எம்.எம்., 150 எம்.எம். இரண்டும் பரவலாகக் கிடைக்கும். பட்டையை லெக்கோடு கவ்வ வைக்கும் கிளிப்பை லெக் வாங்கிய கம்பெனியிலேயே வாங்குங்கள். லெக்கின் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். வேறு கம்பெனி கிளிப் ஏறாமல் போகும், இல்லை ஆடும்.

அளவெடுப்பது: இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்வது

கேபினட்டை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தியிருப்பார்கள். தரை அப்படி இருக்காது. தண்ணீர் ஓட கொத்தனார் வாட்டம் விட்டிருப்பார். அதனால் ஒரு முனையில் இடைவெளி 98 எம்.எம்., மறு முனையில் 106 என்று இருக்கும். ஒரு இடத்தில் மட்டும் டேப் வைத்து "நாலு இன்ச்" என்று எழுதிக்கொண்டு கடைக்குப் போனால், 100 எம்.எம். பட்டை பாதி தூரம் நுழைந்து நின்றுவிடும்.

எனவே ஒவ்வொரு முன் லெக்குக்குப் பக்கத்திலும், பெட்டியின் அடியிலிருந்து தரை வரை அளந்து, அந்த எண்ணை மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். இதில் மிகக் குறைந்த எண்தான் உங்கள் எண். பட்டை அதைவிட இரண்டு மூன்று எம்.எம். குறைவாக இருக்க வேண்டும்.

குறைந்த எண் பட்டையைவிடச் சின்னதாக வந்துவிட்டதா? கிரானைட் இன்னும் வைக்கவில்லை என்றால் கவலையில்லை: லெக்கின் அடியைத் திருகி வரிசை முழுவதையும் ஒரே அளவு உயர்த்தி, மறுபடி ரசமட்டம் பாருங்கள். கிரானைட் உட்கார்ந்த பிறகு அசைக்க முடியாது. அப்போது பட்டையைத்தான் நீளவாக்கில் சீவ வேண்டும். பிவிசி என்றால் ரப்பர் இருக்கும் அடிப்பக்கத்தைத் தொடாமல் மேல் விளிம்பில் சீவுங்கள். பட்டை எப்போதும் தரையில் உட்காரட்டும், மிச்ச இடைவெளி மேலே போகட்டும். மேலே கேபினட் நிழலில் ஐந்து எம்.எம். இடைவெளி நின்றுகொண்டு பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. கீழே இரண்டு எம்.எம். இருந்தாலும் எறும்பு கண்டுபிடித்துவிடும்.

கால் விரல் உள்ளே போக இடம் வேண்டும் என்பதையும் பாருங்கள். கதவின் முகப்பிலிருந்து பட்டை 50 முதல் 75 எம்.எம். உள்ளே தள்ளி இருந்தால் மேடையை ஒட்டி நின்று சமைக்கலாம். சில இடங்களில் லெக்கையே முன்னால் தள்ளிப் போட்டுவிடுகிறார்கள். நின்று தோசை ஊற்றும்போதுதான் முதுகு அதைச் சொல்லும்.

வெட்டுவது, மாட்டுவது

பொடிப் பல் பிளேடு போட்ட ஹாக்ஸா போதும். வெட்டும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு, முகப்பு மேலே பார்க்க வைத்து வெட்டுங்கள். ஜிக்ஸா (மின்சார ரம்பம்) என்றால் தலைகீழ்: அதன் பல் கீழிருந்து மேலே கடிக்கும், முகப்பு கீழே இருக்கட்டும்.

பத்து அடி வரிசைக்கு ஒரே பட்டை போட்டால் அழகுதான். ஆனாலும் நான் சிங்க் கேபினட்டுக்கு மட்டும் தனித் துண்டு போடுவேன். கசிவு பார்க்க அந்தத் துண்டை மட்டும் இழுத்தால் போதும். எல் வடிவ கிச்சனில் நீளமான பக்கத்தை முதலில் மாட்டி, மற்றதை அதில் முட்ட விடுங்கள். வெளிமூலைக்கு கார்னர் பீஸ் கிடைக்கும். அதைச் செருகி வைத்துப் பார்த்த பிறகே நீளத்தை வெட்டுங்கள்.

பட்டையை இடத்தில் சாய்த்து வைத்து ஒவ்வொரு லெக்கின் நடுவையும் பென்சிலால் குறியுங்கள். பின்பக்கப் பள்ளத்தில் கிளிப்பைச் செருகிக் குறிக்கு நேராக நகர்த்தி, பட்டையை உள்ளங்கையால் தள்ளினால் "டக்" என்று கவ்வும். துண்டு சின்னதானாலும் இரண்டு கிளிப் வேண்டும். சுவரோரம் இரண்டு எம்.எம். விடுங்கள், கழற்றும்போது விரலுக்கு அசைவு கிடைக்கும்.

கேஸ் சிலிண்டர்

சிலிண்டர் நிற்கும் கேபினட்டின் அடியைக் காற்றுப் புகாமல் மூடாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடுதான் தேங்கும். அந்த இடத்தில் பட்டை போடாமல் விடுங்கள், அல்லது துளை உள்ள அலுமினிய கிரில் போடுங்கள். அழகுக்காக இதில் சமரசம் வேண்டாம்.

பின்சேர்க்கை

கடப்பாக்கல் தட்டு வைத்த கிச்சனில் லெக் கிடையாதே என்று கேட்டிருந்தார்கள். தட்டின் உள்பக்கம் இரண்டு முனையிலும் சின்ன பிளைவுட் கட்டை நிறுத்தி, அதில் மேக்னட் கேட்ச் திருகி, அதன் இரும்புத் தகட்டைப் பட்டையின் பின்னால் வையுங்கள். கழுவும்போது கையோடு வந்துவிடும்.

இன்னொருவருக்கு மாட்டிய பட்டை நடுவில் மட்டும் வெளியே தள்ளி நிற்கிறதாம். பட்டையைக் குறை சொல்ல வேண்டாம், அந்த இடத்தில் இருக்கும் லெக் மற்றவற்றின் வரிசையில் இல்லை. இரண்டு முனையிலும் இருக்கும் லெக்குக்கு நடுவே நூல் கட்டிப் பாருங்கள். முன்னால் வந்திருக்கும் லெக்கின் கிளிப்பை மட்டும் எடுத்துவிட்டால் நேராகிவிடும்.