செத்தபிறகு மனந்திரும்ப முடியுமா என்று யாராவது கேட்டால்

இந்தக் கேள்வி வேதபாட வகுப்பில் வருவதைவிடச் சாவு வீட்டில்தான் அதிகம் வரும். அடக்கம் முடிந்து, சபைப் போதகரான ஐயரும் உபதேசியாரும் கிளம்பி, பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கும் நேரமாகப் பார்த்து வரும். மூலையில் உட்கார்ந்திருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், அவருக்கு இனிமே ஒரு வாய்ப்பும் இல்லையா?” என்று கேட்பார். பாளையங்கோட்டையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் எடுப்பதால் என்னிடம் பதில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். நான் பிறந்தது தூத்துக்குடியில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில், வாக்கப்பட்டது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புரொட்டஸ்டன்டு) குடும்பத்தில். அதனால் இரண்டு பக்கமும் என்ன சொல்வார்கள் என்று தெரியும். புதிதாக வகுப்பெடுக்க வருகிற பெண்கள் இதை எப்படிக் கையாள்வது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை, வாயைத் திறக்குமுன் அவர் எதைக் கேட்கிறார் என்று கண்டுபிடிப்பது. செத்தவர் தாமாகவே அந்தப் பக்கத்தில் மனம் மாற முடியுமா என்பது ஒரு கேள்வி. நாம் இங்கிருந்து செய்கிற ஜெபம் அவருக்கு உதவுமா என்பது வேறு கேள்வி. சுவிசேஷமே கேட்காமல் செத்துப்போனவர்கள் கதி என்ன என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துக் குழப்பி ஒரே பதில் சொன்னால் அந்தப் பதில் எவருக்கும் உதவாது. திருவிருந்தில் சேரத் தயாராகும் திடப்படுத்தல் வகுப்புப் பையன் கேட்டால் பெரும்பாலும் மூன்றாவதாக இருக்கும். விதவை கேட்டால் முதலாவது. உங்கள் நாத்தனார் வீட்டுக்காரர் ஆர்.சி. என்றால் சந்தேகமே வேண்டாம், இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பெரிய சபைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொல்கின்றன என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் மரணத்தோடு தீர்மானிக்கிற காலம் முடிகிறது என்றுதான் சொல்கிறது. எட்டாம் நூற்றாண்டில் தமஸ்கு யோவான் என்ற சபைப் பிதா, விழுந்துபோன தூதர்களுக்கு மனந்திரும்புதல் இல்லாததுபோலவே மனுஷருக்குச் சாவுக்குப்பின் மனந்திரும்புதல் இல்லை என்று எழுதினார். அதையும் அந்த நூல் எடுத்துக் காட்டுகிறது. கத்தோலிக்கர் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலம், அதாவது மோட்சத்துக்குமுன் ஆத்துமா சுத்திகரிக்கப்படும் நிலை, இரண்டாவது வாய்ப்பு என்று நம் ஆட்கள் மட்டுமல்ல, என் பிறந்த வீட்டிலேயே பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே கடவுளோடு ஒப்புரவானவர்கள், மோட்சம் உறுதியானவர்கள். சுத்திகரிப்பு மட்டும் பாக்கி. 1439இல் புளோரன்ஸ் சங்கமும் 1563இல் திரெந்து சங்கமும் (சங்கம் என்றால் ஆயர்கள் கூடிப் போதனையை முடிவுசெய்யும் பேரவை) இதைத்தான் போதித்தன. இந்த ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னாலே கலப்புக் குடும்பங்களில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

அப்புறம் வசனங்கள். எல்லோரும் உடனே எபிரெயர் 9:27ஐ எடுப்பார்கள்: “ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்”. எடுக்கலாம். ஆனால் அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். கிறிஸ்து ஒரேதரம் பலியானார் என்பதை நிலைநாட்டத்தான் அந்த வாக்கியம் ஓடுகிறது. மரணத்துக்கு அப்பால் நடப்பதை விவரிப்பது அதன் நோக்கம் அல்ல. கதவு அடைபடுகிறது என்று காட்ட அது உதவும். அதற்குமேல் அதை இழுக்கக் கூடாது.

நான் நின்று நிதானமாக வாசிக்கச் சொல்வது லூக்கா 16ஆம் அதிகாரம், ஐசுவரியவானும் லாசருவும்: வாசலில் கிடந்த ஏழை லாசருவைக் கவனிக்காத பணக்காரன் செத்துப் பாதாளத்தில் வேதனைப்படுகிற கதை. இருவருக்கும் நடுவே யாரும் கடக்க முடியாத ‘பெரும்பிளப்பு’ என்ற வார்த்தை வந்ததும் எல்லோரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். கொஞ்சம் முன்னால் போங்கள். வேதனைப்படுகிற அந்த மனுஷன் என்னவெல்லாம் கேட்கிறான் என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். நாவுக்குத் தண்ணீர் கேட்கிறான். லாசருவை அனுப்பும் என்கிறான். தகப்பன் வீட்டுக்கு ஆள் அனுப்பும் என்கிறான், அதற்கும் லாசருதான் போக வேண்டும். வாசலில் பருக்கள் நிறைந்து கிடந்தவனை இன்னும் ஏவலாள் மாதிரிதான் பார்க்கிறான். “நான் அவனைக் கவனிக்காமல் விட்டேன்” என்று ஒரு வார்த்தை வரவில்லை. அவனுக்கு வேதனை இருக்கிறது, சகோதரர்மேல் பாசம்கூட இருக்கிறது. மனந்திரும்புதல் மட்டும் இல்லை. இதை நான் சொல்லாமல் வகுப்பே கண்டுபிடிக்கும்படி விடுவேன். ஒரு பாட்டி, “அங்க போயும் வேலை ஏவுறானே!” என்று சொல்லிச் சிரித்தார். அதைவிட நல்ல வியாக்கியானத்தை நான் எங்கும் வாசித்ததில்லை.

ஆனால் அந்தக் கதை பணப்பிரியரான பரிசேயரிடம் சொல்லப்பட்டது என்பதையும் மறக்காதீர்கள். அதே அதிகாரம் 14ஆம் வசனத்தில் இருக்கிறது. பாதாளத்தின் வரைபடம் கொடுக்க இயேசு அதைச் சொல்லவில்லை.

யாராவது கெட்டிக்காரர் 1 பேதுரு 3:19ஐ எடுத்துக்கொண்டு வருவார். காவலிலுள்ள ஆவிகளுக்குக் கிறிஸ்து போய்ப் பிரசங்கித்தார் என்று இருக்கிறதே, அப்படியானால் செத்தவர்களுக்கும் வாய்ப்பு உண்டுதானே என்பார். அடுத்த அதிகாரம் ஆறாம் வசனம் மரித்தோருக்கும் சுவிசேஷம் அறிவிக்கப்பட்டதாகச் சொல்கிறது. பயப்படாதீர்கள். இந்த வசனத்தில் பெரிய பெரிய அறிஞர்களே தடுமாறியிருக்கிறார்கள். கிறிஸ்துவின் ஆவி நோவாவின் வாய்வழியாக அந்தக் காலத்து உயிருள்ளவர்களுக்கே பிரசங்கித்தது என்பது சபைப் பிதா அகுஸ்தீன் சொன்ன விளக்கம். விழுந்துபோன ஆவிகளுக்கு வெற்றியை அறிவித்தார் என்று வேறு சிலர் சொல்வார்கள். கிழக்குச் சபைகள் இதை உயிர்த்தெழுதல் படமாகவே வரைந்து வைத்திருக்கின்றன. கிறிஸ்து பாதாளத்தின் கதவுகளை மிதித்துக்கொண்டு, ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார். ஞாயிறுதோறும் நாமும்தான் “பாதாளத்தில் இறங்கினார்” என்று அறிக்கையிடுகிறோம். இத்தனை விதமாக வாசிக்கப்படும் வசனத்தின்மேல் இரண்டாம் வாய்ப்பு என்ற உபதேசத்தைக் கட்டாதீர்கள். அதே சமயம், அது இல்லாததுபோலத் தாண்டியும் போகாதீர்கள். வகுப்பில் உள்ளவர்கள் ஏமாற மாட்டார்கள்.

ஏன் முடியாது என்று கேட்டால் என்ன சொல்வது? 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தோமா அக்குவினாஸின் வழி, சரீரத்தை விட்டுப் பிரிந்த ஆத்துமாவின் விருப்பம் எதில் நிலைத்ததோ அதிலேயே நின்றுவிடும் என்பது. சுட்ட பானையை மறுபடி வனைய முடியாது என்று நான் விளக்குவேன். கடவுள் கதவைச் சாத்துகிறார் என்பதைவிட இது கொஞ்சம் தேவலை. ஆனால் எனக்கு இது முழுத் திருப்தி தரவில்லை. பேசாமல் இருக்கிற வேதத்துக்குத் தத்துவம் பேசக் கற்றுக்கொடுத்ததுபோல இருக்கிறது. புரொட்டஸ்டன்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் 1522இல் ஹான்ஸ் பான் ரெக்கன்பெர்க் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் இதைத் தொட்டார். சாகும்போதோ செத்தபிறகோ ஒருவருக்கு விசுவாசத்தைக் கொடுக்கக் கடவுளால் முடியுமா என்றால் முடியும்தான், ஆனால் அப்படிக் கொடுக்கிறார் என்று நிரூபிக்க முடியாது என்றார். எனக்குப் பிடித்த பதில் அது. சந்தேகப்படுகிறவருக்கும் துக்கப்படுகிறவருக்கும் பொய் சொல்லாமல் சொல்லலாம்.

இதற்கு மாறாகப் போனவர்களும் உண்டு. முடிவில் எல்லோரும் மீட்கப்படுவார்கள் என்ற ஆதிச்சபை அறிஞர் ஒரிகெனின் எண்ணம் 6ஆம் நூற்றாண்டில் கண்டனத்துக்கு உள்ளானது. நிசாவின் கிரெகோரியும் அதே நம்பிக்கையோடு எழுதியவர்தான், அவரைச் சபை பரிசுத்தவானாகவே வைத்திருக்கிறது. மோர்மன் சபையார் செத்தவர்களுக்குப் பதிலாக உயிரோடிருப்பவர்களை ஞானஸ்நானம் பெறச் செய்கிறார்கள், 1 கொரிந்தியர் 15:29ஐ வைத்து. ஏழாம் நாள் அட்வெந்து சபையார் மரித்தவர் உறங்குகிறார் என்பதால் கேள்விக்கே இடமில்லை என்பார்கள். பெயர் தெரிந்திருந்தால் போதும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மரித்தோருக்காக ஜெபிப்பது பிற்காலத்துக் கட்டுக்கதை என்று நம் பக்கத்தில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அது சரியில்லை. கார்த்தேஜில் 203இல் இரத்தசாட்சியாக மரித்த பெர்பெத்துவாள் சிறையில் எழுதியது இன்றும் இருக்கிறது. அவள் தம்பி தினோக்கிராத்து ஏழு வயதில் முகத்தில் புற்று வந்து செத்தவன். தாகத்தோடு தொட்டி ஓரத்தில் எட்டாமல் நிற்பதாகக் காட்சி காண்கிறாள். ஜெபிக்கிறாள். அடுத்த காட்சியில் தொட்டியின் விளிம்பு தாழ்ந்திருக்கிறது, பையன் குடித்துவிட்டு விளையாடப் போகிறான். அகுஸ்தீனின் தாய் மோனிக்காள் 387இல் ஒஸ்தியாவில் சாகும்போது, என்னை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பீடத்தில் மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அதற்கு முன்பே யூதத் தலைவன் யூதா மக்கபே போரில் செத்தவர்களுக்காக இரண்டாயிரம் வெள்ளி திராக்மா திரட்டி எருசலேமுக்கு அனுப்பியது 2 மக்கபேயர் 12இல் இருக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்தப் புத்தகம் கிடையாது; 1995இல் வந்த திருவிவிலியத்தில் இணைத்திருமுறைப் பகுதியில் பார்க்கலாம்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு, பிறகு புரொட்டஸ்டன்டு மறுப்பைச் சொல்லுங்கள். 1517இல் லூதர் எதிர்த்தது பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை. காசு கொடுத்தால் ஆத்துமா மேலே போகும் என்று ஏழைகளிடம் வசூலித்தார்கள். அந்தக் கோபத்தின் நியாயம் புரிந்தால்தான், இங்கிலாந்துச் சபையின் (ஆங்கிலிக்கன்) விசுவாச விதிகளான 39 பிரமாணங்களில் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏன் அவ்வளவு காட்டமாகத் தள்ளினார்கள் என்பதும் புரியும்.

மூன்றாவது கேள்வி நம் ஊருக்கு ரொம்ப நெருக்கமானது. நம்மில் பலருடைய முப்பாட்டன்மார் சுவிசேஷத்தைக் கேட்டதே இல்லை. நம் முத்துக்குளித்துறையில் 1542இலிருந்து ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார் பிறகு ஜப்பானுக்குப் போனார். அங்கே புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவரிடம் கேட்டது இதைத்தான்: எங்கள் தாய் தகப்பன் நரகத்தில் இருந்தால், தானத்தாலோ ஜெபத்தாலோ வெளியே கொண்டுவர முடியாதா? முடியாது என்றார். அவர்கள் அழுதார்கள். 1552இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், நண்பர்கள் அழுவதைப் பார்த்துத் தமக்கும் துயரமாக இருந்தது என்கிறார். பதிலில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அவர் மனம் கலங்கியிருக்கிறது. வகுப்பில் இந்தக் கடிதத்தைச் சொல்லிவிட்டு ரோமர் 2:14-16ஐ வாசிக்கச் சொல்வேன். நியாயப்பிரமாணம் இல்லாதவர்களின் மனச்சாட்சியைப் பற்றிய பகுதி அது. கத்தோலிக்கர்களுக்கு 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே, தங்கள் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடியவர்கள் மீட்படையக்கூடும் என்று சொல்லிவிட்டது. சவேரியார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

இனிச் சாவு வீடு. இங்கே வசன வகுப்பு வேண்டாம். இரண்டு வாக்கியங்களைக் கண்டிப்பாகச் சொல்லாதீர்கள். “அவர் இரட்சிக்கப்படாமலே போயிட்டாரே” என்பது ஒன்று. அந்தத் தீர்ப்பைச் சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அடக்க ஆராதனையிலேயே அதைச் சொல்கிற பிரசங்கிமாரைக் கேட்டிருக்கிறேன், கோபமாக வரும். இன்னொன்று, “அதெல்லாம் கவலைப்படாதே, மேலே போய் சரிபண்ணிக்குவார்”. ஆறுதலுக்காகச் சொன்னாலும் அதற்கு ஆதாரம் இல்லை. சொல்லக்கூடியது, கடைசி நேரம் எவ்வளவு நீளம் என்று நமக்குத் தெரியாது என்பது. இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

தற்கொலை செய்துகொண்டவர் வீடு என்றால் இன்னும் கவனம். பிரான்சில் ஆர்ஸ் கிராமத்துப் பங்குக்குரு ஜான் வியான்னியிடம், கணவன் பாலத்திலிருந்து குதித்துச் செத்த ஒரு விதவை வந்ததாகச் சொல்வார்கள். பாலத்தின் கைப்பிடிக்கும் தண்ணீருக்கும் நடுவே மனந்திரும்ப அவனுக்கு நேரம் இருந்தது என்றாராம். இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் கடவுள் வாய்ப்புத் தரக்கூடும் என்கிறது. செத்தபிறகு கதவு திறக்கும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அடைபடும் நொடி எதுவென்று வெளியே நிற்கிற நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய்விட்டு நிறுத்தாதீர்கள். அடுத்தடுத்த வாரமும் போங்கள். அங்கே இன்னொருவரும் அதே எண்ணத்தில் இருக்கலாம். நேராகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

ஆஸ்பத்திரியில் இன்னும் உயிர் இருக்கிறது என்றால் வேலை வேறு. நினைவில்லை என்று சொன்னாலும் காதருகே பேசுங்கள். மனந்திரும்புதலின் ஜெபமான 51ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். ஆர்.சி. ஆளாக இருந்தால் சாமியாரைக் கூப்பிட்டு நோயில்பூசுதல் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கே நம் உபதேச வித்தியாசத்தைக் காட்டக் கூடாது.

கடைசியாக, நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சி.எஸ்.ஐ. மருமகள் போகலாமா என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார்கள். நான் போகிறேன். என் அம்மா கல்லறையைச் சுத்தம்பண்ணி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். தங்கைமார் “நித்திய இளைப்பாற்றியை” என்று தொடங்குவார்கள். நான் அம்மாவுக்காக நன்றி சொல்லி ஜெபிப்பேன். மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது. கேட்டால், கல்லறைக்குத்தான் போகிறேன், மதம் மாறவில்லை என்று சொல்லலாம்.