பள்ளி மூடிவிட்டார்களா? முட்டை அட்டையில் பல்லாங்குழி செய்யலாம்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது 21 நாள் என்றுதான் சொன்னார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மறுபடி பள்ளி வாசலை மிதித்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதுவரைக்கும் வீடுதான் வகுப்பறை, விளையாட்டு மைதானம், சிலருக்கு அலுவலகமும்கூட.

அந்த நாட்களில் அம்மாக்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. மணிக்கொரு கைவேலை, கலர் பேப்பர், பசை, மினுமினுப்பு. மளிகைக் கடையே மதியம் 1 மணிக்கு அடைத்துவிடும் ஊரில் மினுமினுப்புக்கு எங்கே போவது?

பிள்ளையை நாள் முழுக்கக் குஷிப்படுத்த வேண்டும் என்று நினைத்தால் சாயங்காலத்துக்குள் நமக்குத்தான் காய்ச்சல் வரும். உங்களுக்கு எந்த ஒரு மணி நேரம் கழுத்தைப் பிடிக்கிறதோ, அதற்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமலே ஓடுகிற விளையாட்டு ஒன்று இருந்தால் போதும். பல்லாங்குழி அப்படிப்பட்டது. ஆறு வயதுக்கு மேல் இரண்டு பிள்ளைகள் இருந்தால் கச்சிதம். ஒற்றைப் பிள்ளை என்றால் இரண்டு பக்கமும் அவரே ஆடலாம். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

படி 1: நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

சமையல் நேரமா, அலுவலக மீட்டிங்கா, சின்னக் குழந்தையைத் தூங்க வைக்கும் நேரமா? ஒன்றை மட்டும் எடுங்கள். பலகை அந்த நேரத்தில் மட்டும் வெளியே வரட்டும். எப்போதும் கண்ணெதிரே கிடந்தால் எந்த விளையாட்டும் நான்கே நாளில் சலித்துவிடும்.

படி 2: பலகை

பல்லாங்குழிக்கு ஒரு வரிசைக்கு 7 என்று 14 குழிகள் வேண்டும். கடையில் 30 முட்டை வைத்துத் தரும் அட்டையில் நீள வரிசைக்கு 6 குழிதான். அதனால் 6 குழி உள்ள இரண்டு வரிசைகளைச் சேர்த்து வெட்டுங்கள். மிச்ச அட்டையிலிருந்து தனியாக இரண்டு குழிகளை வெட்டி, ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ஒன்று ஒட்டுங்கள். சோற்றுப் பசையே பிடிக்கும், காய ஒரு ராத்திரி விடுங்கள். அட்டையை முதலில் வெயிலில் நன்றாகக் காய வைக்க மறக்காதீர்கள். முட்டை ஒழுகிய கறை இருந்தால் அந்த அட்டை வேண்டாம்.

அட்டை இல்லையா? மொட்டை மாடியிலோ கூடத்திலோ சாக்பீஸால் 14 வட்டம் போடுங்கள், தீர்ந்தது.

படி 3: காய்கள்

குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. கொட்டை எடுக்காத புளி வாங்கும் வீடுகளில் இது தானாகவே சேரும். கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்து டப்பாவில் போட்டுவிடுங்கள். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இல்லாவிட்டால் கறுப்புக் கொண்டைக்கடலை எடுத்துக்கொள்ளலாம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கவனம்: கையில் கிடைத்தது நேரே வாய்க்கோ மூக்குக்கோ போகும். பெரிய பிள்ளைகளைக் கட்டில் மேல் உட்கார்ந்து ஆடச் சொல்லுங்கள், ஆட்டம் முடிந்ததும் 70-ஐயும் எண்ணி டப்பாவில் போடச் சொல்லுங்கள்.

படி 4: ஆட்டம்

ஊருக்கு ஊர் விதி மாறும். தொடங்குகிறவர்களுக்கு எளிதானது இது.

எதிரெதிரே உட்காருங்கள். அவரவர் பக்கத்து 7 குழிகள் அவரவருக்கு. உங்கள் குழி ஒன்றில் இருப்பதை மொத்தமாக அள்ளி, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். உங்கள் வரிசை முடிந்தால் எதிர் வரிசையில் தொடரும். கை காலியானதும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளி மறுபடி போடுங்கள். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பது முழுவதும் உங்களுக்கு. அதோடு உங்கள் முறை முடிந்தது. இரண்டு குழி தொடர்ந்து காலி என்றால் ஒன்றும் கிடையாது, எதிராளி ஆடலாம்.

நடுவில் எந்தக் குழியிலாவது சரியாக 4 சேர்ந்தால் அது பசு. யார் பக்கத்துக் குழியோ அவர் எடுத்துக்கொள்ளலாம், யார் ஆடிக்கொண்டிருந்தாலும் சரி. பிள்ளைகள் கண்கொட்டாமல் பலகையைப் பார்ப்பது இந்தப் பசுவுக்காகத்தான்.

விதி சரியாகப் புரிந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எல்லாக் குழியிலும் 5 இருக்கும்போது முதல் ஆட்டத்தை எந்தக் குழியில் தொடங்கினாலும் ஐந்து முறை அள்ளுவீர்கள்: 5, 5, 5, 6, 6. கடைசியில் துடைத்து எடுப்பது 7 கொட்டை. வேறு எண் வந்தால் எங்கோ ஒரு குழியில் இரண்டு விழுந்திருக்கிறது. முதல் நாள் இதை மட்டும் நீங்கள் கூடவே இருந்து ஆடிக் காட்டுங்கள். அப்புறம் எழுந்து போய்விடலாம்.

ஒருவர் பக்கம் போட ஒன்றுமில்லாமல் போனால் சுற்று முடிந்தது. மிச்சம் இருப்பது எதிராளிக்கு. அடுத்த சுற்றில் அவரவர் ஜெயித்த கொட்டைகளைக் குழிக்கு 5 வீதம் நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாத குழிகள் அந்தச் சுற்றில் ஆட்டத்தில் இல்லை. இப்படியே போனால் ஒரு ஆட்டம் மதியச் சாப்பாடு வரை இழுக்கும். நமக்கு வேண்டியதும் அதுதானே.

படி 5: "அம்மா, இவன் ஏமாத்துறான்!"

கட்டாயம் வரும். எழுந்து போகாதீர்கள். பலகையில் இருப்பது, இருவர் கையிலும் இருப்பது எல்லாம் சேர்த்து 70 வருகிறதா என்று எண்ணச் சொல்லுங்கள். 70 இருந்தால் ஆட்டம் தொடரும், குறைந்தால் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டியது அவர்கள் வேலை. கூட்டல் பயிற்சி இதிலேயே நடக்கிறது, தனியாக ஒர்க் ஷீட் எதுவும் வேண்டாம்.

மிச்சக் கொட்டையில் தாயம்

70 போக நான்கு கொட்டை மீந்தால், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்ட் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்க்கச் சொல்லுங்கள். சூடு ஏறும், விரல் பத்திரம். தேய்ப்பதற்கே அரை மணி நேரம் போய்விடும். நான்கையும் உருட்டினால் ஒரு வெள்ளை தாயம், இரண்டு, மூன்று, நான்கு வெள்ளைக்கு அந்தந்த எண்ணிக்கை, நான்கும் கறுப்பு என்றால் எட்டு. ஐந்துக்கு ஐந்து கட்டம் வரைந்து ஆடலாம்.

ஊரில் இருக்கும் பாட்டியையும் வீடியோ காலில் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு வீட்டிலும் ஒரே கட்டத்தை வரைந்து வையுங்கள். பாட்டிக்கு விழுந்ததை இங்கே பிள்ளை நகர்த்த வேண்டும், இங்கே விழுந்ததை அங்கே பாட்டி நகர்த்துவார். போனைச் சுவரில் சாய்த்து, கேமரா கட்டத்தைப் பார்க்கும்படி வைத்துவிட்டு நீங்கள் குக்கரைக் கவனிக்கலாம்.