வளவு முற்றத்தில் தொடங்கும் சூரிய சக்தி பாடம்: புதிதாகச் சொல்லிக்கொடுப்பவர்களுக்குப் படிப்படியான செய்முறை

காலநிலை மாற்றம் பற்றி வகுப்பெடுக்கச் சொன்னால் நம்மில் பலர் உருகும் பனிமலைப் படத்தோடுதான் தொடங்குகிறோம். செட்டிநாட்டில், கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பனிமலை தூரத்துச் சங்கதி. தலைக்கு மேல் காயும் வெயில் அப்படியில்லை. அதனால் முதலில் வெயிலை அளக்கவிடுங்கள் என்பேன். தன் கையால் எடுத்த அளவு நோட்டில் இருக்கிற பிள்ளை, பிறகு நாம் சொல்லும் பெரிய எண்களைச் சும்மா கேட்டுக்கொள்ளாது, "அதை எப்படி அளந்தாங்க டீச்சர்?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இது ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுப்பவர்களுக்கானது. அறிவியல் ஆசிரியராக இருக்கவேண்டும் என்றில்லை.

தேவையானவை: ஒரு மீட்டர் நீளக் குச்சி, தூக்குக்குண்டு, சாக்பீஸ், டேப், மீன்தொட்டிக்குப் போடும் டிஜிட்டல் வெப்பமானி, 6 வோல்ட் 1 வாட் சின்ன சோலார் பேனல், சாதாரண மல்டிமீட்டர். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

படி 1: நிழலை அளப்பது

பள்ளி மைதானத்தில் குச்சியை நட்டு, தூக்குக்குண்டு வைத்து நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பதினொன்றரை மணியிலிருந்து ஒரு மணி வரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது? பிள்ளைகள் எல்லாரும் பன்னிரண்டு மணி என்பார்கள். புள்ளிகள் வேறு சொல்லும். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. காரைக்குடி அதற்கு மேற்கே 79 பாகையை ஒட்டி இருக்கிறது. அதனால் இங்கே உச்சிப்பொழுது சராசரியாகப் பன்னிரண்டே காலுக்குத்தான். மாதத்துக்கு மாதம் முன்பின் நகரும்.

இன்னொன்றையும் கவனிக்க வையுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் இதைச் செய்தால் உச்சி நிழல் தெற்கே விழும். டிசம்பரில் செய்தால் வடக்கே விழும், அதுவும் 66 சென்டிமீட்டர் அளவுக்கு நீளமாக. காரைக்குடி சுமார் 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று குச்சிக்கு நிழலே இருக்காது. ஆகஸ்ட் நாள் பள்ளி நாளாக அமைந்தால் விட்டுவிடாதீர்கள். பேனலை ஏன் தெற்குப் பார்த்து, லேசாகப் பத்து பாகை சாய்த்து வைக்கிறார்கள் என்ற கேள்விக்கு இந்த நிழலே விடை.

சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது என்று தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில் இல்லாமல் யாரும் வெளியே நிற்கவேண்டாம்.

படி 2: வீட்டுக்குள் எத்தனை டிகிரி?

செட்டிநாட்டில் பாடம் நடத்துபவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத வாய்ப்பு இது. பக்கத்துத் தெருவில் முற்றமும் அதைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரமுமாக வளவு உள்ள பெரிய வீடு ஒன்று இருக்கும். பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய, ஆள் இருக்கிற வீடாகப் பார்த்து, முதல் நாளே போய் "ஆச்சி, நாளைக்குப் பிள்ளைங்க வந்து வளவுல வெப்பமானி வச்சுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

மதியம் இரண்டு மணிக்கு மூன்று இடத்தில் அளக்கவேண்டும்: வளவின் நிழலான பக்கம், உள்ளறை, புதிதாகக் கட்டிய ஏதாவது ஒரு கான்கிரீட் வீட்டின் மாடி அறை. வெப்பமானியின் முனையில் வெயில் படக்கூடாது. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் காத்திருந்து எழுதவேண்டும். வித்தியாசம் எவ்வளவு என்று நான் சொல்லப் போவதில்லை, அவர்களே கண்டுபிடிக்கட்டும். காரணங்களை மட்டும் நீங்கள் எடுத்துக்கொடுங்கள். கனத்த சுவர் சூட்டை மெதுவாக வாங்குகிறது. அடுக்கடுக்காகப் போட்ட நாட்டு ஓட்டுக்கு நடுவே காற்று நிற்கிறது. சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே போக, முகப்பிலிருந்து புதுக்காற்று உள்ளே வருகிறது.

வெயிலை உள்ளே விடாமல் இருப்பதும் மின்சாரச் சேமிப்புதான் என்று காட்ட, இரண்டு ஓடுகளை எடுத்து ஒன்றுக்கு மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து வெயிலில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டின் அடிப்பக்கத்தையும் தொட்டுப் பார்த்தால் வெப்பமானியே வேண்டியிருக்காது.

படி 3: பேனலும் மல்டிமீட்டரும்

இதற்கு இரண்டு பீரியடு ஒதுக்குங்கள். அவசரப்படவே கூடாத படி இது.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் வோல்ட்டை மட்டும் அளந்து குழம்பிப்போவார்கள். மேகம் மறைத்தாலும் வோல்ட் கொஞ்சம்தான் குறையும். "அப்ப நிழல்லயும் கரண்ட் வருதே சார்" என்று பிள்ளைகள் தவறான முடிவுக்குப் போய்விடுவார்கள். வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவது மின்னோட்டம். ஆகவே மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, நடுவிலுள்ள திருகுகுமிழையும் 10 ஆம்பியர் குறிக்குத் திருப்பி, பேனலின் இரண்டு வயரையும் மீட்டரில் தொடுங்கள். நல்ல வெயிலில் 0.15 ஆம்பியரை ஒட்டிக் காட்டும். இப்படி நேராக இணைப்பது இந்தச் சின்னப் பேனலுக்கு மட்டும்தான். பேட்டரியிலோ இன்வெர்ட்டரிலோ மாடியில் இருக்கும் பெரிய பேனலிலோ செய்யவே கூடாது. இதைக் கரும்பலகையில் எழுதியே வையுங்கள்.

இனி ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். பேனலைச் சூரியனுக்கு நேராகப் பிடியுங்கள், பிறகு மெல்லச் சாயுங்கள். எண் இறங்குவதைப் பிள்ளைகள் உரக்கப் படிக்கட்டும். அடுத்து, பேனலில் தெரியும் பட்டைகளில் ஒன்றே ஒன்றை விரலால் மூடச் சொல்லுங்கள். மூடியது பன்னிரண்டில் ஒரு பங்குதான், ஆனால் மின்னோட்டம் ஏறக்குறைய நின்றே போகும். எல்லாப் பட்டைகளும் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒன்று அடைபட்டால் மற்றவற்றின் ஓட்டமும் தடைபடுகிறது. மாடியில் பேனல் வைத்தவர்கள் தென்னங்கீற்று நிழலுக்கும் தண்ணீர்த்தொட்டி நிழலுக்கும் ஏன் பயப்படுகிறார்கள் என்பது இப்போது சொல்லாமலே புரியும். பிறகு ஒரு பிடி செம்மண் தூசியைத் தூவி அளந்து, துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

கடைசியாகச் சூடு. நம் பக்கத்தில் பெரியவர்களே "இங்கே அடிக்கிற அக்னி வெயிலுக்கு கரண்ட் கொட்டும்" என்பார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. நிழலில் ஆறிக் கிடந்த பேனலை வெயிலுக்குக் கொண்டுவந்ததும் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள் (இதற்கு மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, வயரையும் இடம் மாற்றவேண்டும்). அரை மணி நேரம் அங்கேயே காயவிட்டு மறுபடி பாருங்கள், அரை வோல்ட் அளவுக்கு இறங்கியிருக்கும். பெரிய பேனல்களிலும் ஒரு டிகிரி ஏறினால் திறன் சுமார் 0.4 விழுக்காடு குறைகிறது. பேனலுக்கு அடியில் காற்றுப் போக இடம் விடுவது இதற்காகத்தான்.

"ராத்திரிக்கு என்ன செய்யறது?" என்று எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும். பேட்டரியைப் பற்றிப் பேச நம் ஊரை விடப் பொருத்தமான இடம் கிடையாது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் முக்கிய வேலைகளில் பேட்டரி ஆய்வும் ஒன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்டது. செப்டம்பர் 26 இந்த ஆய்வகத்தின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் குழு) நிறுவன நாள், அதை ஒட்டி ஆய்வகங்களைப் பார்க்க மாணவர்களை அனுமதிப்பது வழக்கம். முன்கூட்டியே கேட்டு எழுதிப்போட்டு அழைத்துப் போங்கள்.

படி 4: வீட்டு கரண்ட் பில்

ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து இரண்டு மாத பில்லில் உள்ள யூனிட்டை எழுதி வரட்டும். ரூபாய் வேண்டாம், யூனிட் மட்டும் போதும். வகுப்பில் யார் வீடு வசதி என்ற பேச்சு வரக்கூடாது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊரில் ஒரு நாளைக்குச் சராசரியாக நான்கு யூனிட் கொடுக்கும். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரும் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேண்டும் என்று அவர்களே வகுத்துப் பார்க்கட்டும். ஒன்றேகால் என்று வரும். வீட்டில் கேட்டால் சொல்ல, 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்பதையும் குறித்துக் கொடுங்கள். பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தில், கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இருப்பதைச் சொன்னால் சிலர் போய்ப் பார்த்த கதையோடு வருவார்கள்.

படி 5: இப்போது காலநிலை

இதுவரை பொறுத்திருந்தது இதற்காக. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. தன் வீட்டு யூனிட்டை அதால் பெருக்கினால், 300 யூனிட்டுக்கு 210 கிலோ. கண்ணுக்குத் தெரியாத ஒன்று கிலோ கணக்கில் வரும்போது பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள்.

அந்த வாயுவும் நீராவி போன்றவையும் சேர்ந்து பூமிக்கு ஒரு போர்வை. போர்வையே இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பம் சைபருக்குக் கீழே 18 டிகிரியாக இருந்திருக்கும். அது இருப்பதால்தான் 15 டிகிரியை ஒட்டி நிற்கிறது. கெடுதல், போர்வை தடித்துக்கொண்டே போவதில். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்த வாயு சூட்டைப் பிடித்துவைப்பதைக் காட்ட, சோடா உப்பும் வினிகரும் ஊற்றிய பாட்டிலை விளக்கின் கீழ் வைக்கும் சோதனையை நான் செய்ய வைப்பதில்லை. அதில் ஏறும் சூட்டுக்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் இருக்கும். தவறான நிரூபணத்தால் சரியான விஷயத்தைச் சொல்லக்கூடாது.

அப்பத்தாவிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்: ஐப்பசி மழை அப்போது எத்தனை நாள் பெய்தது, ஊருணி எந்த மாதம் வற்றும்? நல்ல தகவல்கள் வரும். ஆனால் ஒருவர் நினைவில் இருப்பது வானிலை. முப்பது ஆண்டு அளவுகளின் சராசரிதான் காலநிலை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

படி 6: ஊருணிப் படிக்கட்டு

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் மழை பெய்தால் கொட்டித் தீர்ப்பதும், இடையில் மழையில்லாத நீண்ட வறட்சியும் கூடுகின்றன. கொட்டும்போது பிடித்து வைக்க நமக்கு ஊருணி இருக்கிறது.

பாட்டிலை வெட்டி மழைமானி செய்யுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர் என்று பிள்ளைகள் போட்டுப் பார்ப்பார்கள். கூடவே வாரம் ஒருமுறை ஊருணியில் தண்ணீருக்கு மேல் எத்தனை படி தெரிகிறது என்று கரையில் நின்றே எண்ணி, மழை அளவோடு ஒரே வரைபடத்தில் குறிக்கட்டும். பெரியவர் ஒருவர் இல்லாமல் யாரும் படி இறங்கக்கூடாது. நல்ல மழைக்குப் பிறகும் படி மூழ்கவில்லை என்றால் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கோ அடைபட்டிருக்கலாம். ஊருணியிலிருந்து அதன் வழியே நடந்து, குப்பை எங்கே, ஆக்கிரமிப்பு எங்கே என்று படம் வரையச் சொல்லுங்கள்.

அந்தப் படத்தையும் வரைபடத்தையும் ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு எடுத்துப் போகலாம். அக்டோபர் 2 கூட்டம் வரை காத்திருந்தால் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், தூர்வார நாள் இருக்காது. பிள்ளைகளே நின்று பேசட்டும். வரத்துக்காலைத் தூர்வாரக் கேட்கும் மனுவில் ஆசிரியர் கையெழுத்து வாங்கி ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்தினால் போதும்.