பரணில் பணம் கிடைத்தால் சுற்றியிருக்கும் தாளை எறியாதீர்கள்

அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள், பரணைச் சுத்தம் செய்ய ஏறிய அண்ணன் மகன் பித்தளைத் தவலைக்குள்ளிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கினான். உள்ளே ரூபாய்க் கட்டுகள். ஒவ்வொன்றையும் அம்மா தினசரி காலண்டர் தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். மொத்தம் 1,86,500 ரூபாய்.

“வீடு என் பேர்ல இருக்கு, அதுல இருக்கறதும் எனக்குத்தான்” என்றார் அண்ணன். “மாசா மாசம் அம்மாவுக்கு அனுப்பினது நான்” என்றான் தம்பி. நான் நடுவில் பிறந்தவள், இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன். அப்போது தெரியாமல் அப்புறம் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பிரிப்பதற்கு முன், கிடைத்தது கிடைத்தபடியே போட்டோ எடுங்கள். வாரிசுகள் எல்லோரும் இருக்கும்போதுதான் எண்ண வேண்டும்; வர முடியாதவரை வீடியோ காலில் உட்காரவையுங்கள். எந்த நோட்டு எத்தனை என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு ஜெராக்ஸ். “சொந்தத்துக்குள்ள எதுக்கு இதெல்லாம்” என்று ஒருவர் கேட்பார். கேட்கட்டும்.

அடுத்தது தாள். முதல் மூன்று கட்டைப் பிரித்த அண்ணி, காலண்டர் தாள்களைக் குப்பையில் போட்டுவிட்டார். நாலாவது கட்டை நான் பிரித்தபோது தாளின் பின்புறம் பென்சிலில் அம்மா கையெழுத்து: “எதிர்வீடு சீட்டு 10”. குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடியதில் மற்ற மூன்றிலும் அதுவே இருந்தது. எதிர்வீட்டம்மா தன் சீட்டுப் பணம் 40,000 ரூபாயை வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறார். துக்க வீட்டில் எப்படிக் கேட்பது என்று சும்மா இருந்தாராம்.

தாளில் இருக்கும் தேதியும் உதவும். ஒரு பொருள் யார் கைவசம் இருக்கிறதோ அவருடையது என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். கையெழுத்து, தேதி, வங்கிச் சீட்டு, பாஸ்புக்கில் பணம் எடுத்த பதிவு, இவைதான் சாட்சி.

வீடு யார் பேரில் இருக்கிறது என்பதும் பணம் யாருடையது என்பதும் வேறு வேறு. அம்மா சேர்த்தது அம்மாவின் சொத்து. உயில் இல்லாத இந்துப் பெண்ணின் சொத்து, 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி, மகன், மகள், கணவர் எல்லோருக்கும் சமமாகப் போகும். கல்யாணமாகிப் போன மகளுக்கும்தான். மற்ற மதத்தவருக்குச் சட்டம் வேறு. பேச்சில் தீராவிட்டால் தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுத்துப் பாருங்கள். உடனே வழக்குப் போட்டால் வக்கீல் ஃபீஸிலேயே கட்டு கரைந்துவிடும்.

வாங்கிய வீட்டுச் சுவரை இடிக்கும்போது கிடைத்தால் கதை வேறு. கிரயப் பத்திரம் சுவரைத்தான் விற்கிறது, அதற்குள் ஒளித்த பணத்தை அல்ல. சத்தமில்லாமல் வைத்துக்கொண்டால் கையாடல் வழக்கு வரலாம். மண்ணுக்குள்ளோ மண்ணோடு பொருந்திய ஒன்றுக்குள்ளோ மறைத்து வைத்த பொருளுக்கு 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்து ரூபாய்தான். உரியவர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு.

செல்லாத பழைய 500, 1000 நோட்டுகள் மொத்தம் பத்துக்கு மேல் வைத்திருந்தால் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. எங்களுக்கு ஆறு ஐந்நூறு இருந்தன, தப்பித்தோம். கரையான் அரித்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 50 ரூபாய்க்கும் அதற்கு மேலும் உள்ள நோட்டில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரே துண்டாக மிஞ்சியிருந்தால் வங்கியில் முழுப் பணம், 40 முதல் 80 வரை பாதி.

எதிர்வீட்டம்மாவின் பணத்தையும் செல்லாத 3,000 ரூபாயையும் கழித்துவிட்டு மூன்றாகப் பிரித்தோம். ஆளுக்கு 47,833. மிச்சம் நின்ற ஒரு ரூபாயை, பரணில் ஏறியவன் எடுத்துக்கொண்டான்.