நிலவொளியில் மலையைப் படமெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற பௌர்ணமிக்கு முந்தைய இரவு ஒரு மலைமுகட்டில் நின்றுகொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி மூன்று இளைஞர்கள். ஒவ்வொரு படம் எடுத்ததும் மூவரும் தலையோடு தலை சேர்த்துக் கேமராத் திரையைப் பார்ப்பார்கள், முகத்தில் வெளிச்சம் அடிக்கும், "அருமை" என்பார்கள். ஒருவர் என்னிடமே கொண்டுவந்து காட்டினார். "எப்படி அண்ணா இருக்கிறது?" திரையில் பளிச்சென்றுதான் இருந்தது. படத்தின் இருளை இடதிலும் வெளிச்சத்தை வலதிலும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைத் திறக்கச் சொன்னேன். வரைபடம் முழுவதும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது, அதாவது படம் மிக இருட்டு. தொடக்கத்தில் நான் செய்த அதே பிழை. அன்றிரவே இதை எழுத வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

ட்ரைபாட் வேண்டும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

திரையின் வெளிச்சத்தை நம்புவது

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பனிச்சிகரத்தைப் படமெடுக்க மூன்று இரவுகள் தங்கினேன். மூன்றாம் இரவு பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கி, பால் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. அதன் மேல் பைன் மரங்களின் நுனிகள் மட்டும் கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தன. திரையில் ஒவ்வொரு நுனியும் தெளிவாகத் தெரிந்தது. மனநிறைவோடு இறங்கி வந்தேன். வீட்டில் கணினியைத் திறந்தால் மூன்று இரவுப் படங்களும் இருட்டு. வெளிச்சத்தை மூன்று ஸ்டாப் ஏற்றினேன் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் ஒளி இரு மடங்கு). பாறைகளின் நிழலில் ஊதாத் திட்டுகள், மணல் தூவியதுபோல் புள்ளிகள், குறுக்கே கோடுகள். பைன் நுனிகளுக்கும் பின்னால் இருந்த சரிவுக்கும் வேறுபாடே இல்லை. அதே இடத்துக்கு மேலும் நான்கு முறை போனேன். அந்த மூடுபனி திரும்ப அமையவில்லை. இன்றும் அந்தக் கோப்புகளைத் திறந்தால் எரிச்சல் வருகிறது.

காரணம் எளியது. இருட்டில் இருபது முப்பது நிமிடம் நின்றால் கண் இருட்டுக்குப் பழகி, மிக மங்கிய ஒளியையும் வாங்கத் தொடங்கிவிடுகிறது. கேமராத் திரையோ பகலிலும் தெரிவதற்காகச் செய்யப்பட்டது. பழகிய கண்ணுக்கு அதில் வரும் இருண்ட படமும் விளக்குப் போட்டதுபோல் தோன்றும். இரண்டு ஸ்டாப் குறைந்த படம் சரியான படமாகத் தெரியும். சரியான படமோ வெளுத்துப்போனதாகத் தெரியும். கண்ணை நம்பி ஷட்டர் நேரத்தைக் குறைப்பவர்கள் நல்ல படத்தைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்கள்.

பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு ஸ்டாப் குறைவு என்றால் கேமராவில் ஒளியை வாங்கும் சென்ஸாருக்கு வந்தது கால் பங்கு ஒளிதான். வராத ஒளியை எந்த மென்பொருளும் வரவழைக்காது. அது இருக்கிற ஒளியோடு இரைச்சலையும், அதாவது அந்தப் புள்ளிகளையும், சேர்த்துப் பெருக்கும், அவ்வளவுதான். மலைப்படத்தின் அழகில் பாதி நிழல் விழுந்த சரிவுகளில்தான் இருக்கிறது. முதலில் அழிவதும் அவைதான்.

ஆகவே மலையேறும் முன்பே திரையின் தானியங்கி வெளிச்சத்தை அணைத்து, கையால் அடிமட்டத்துக்குக் குறைத்துவிடுங்கள். ஒவ்வொரு புதிய காட்சிக்கும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். நிலவு படும் சரிவு நடுப்பகுதிக்கு அருகில் வர வேண்டும், இடது ஓரத்தில் எதுவும் குவியக் கூடாது. பனிச்சிகரம் இருந்தால் வலது ஓரத்தையும் கவனியுங்கள், பனிதான் முதலில் வெளுக்கும். சென்ஸார் தந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தாலும் இந்த வரைபடம் கேமரா உருவாக்கும் ஜேபெக் படத்திலிருந்துதான் வருகிறது. அதனால் கேமராவின் கான்ட்ராஸ்ட் அமைப்பைக் குறைத்து வைப்பது நல்லது.

முழுநிலவின் ஒளி சூரிய ஒளியைவிட ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு குறைவு. நிலவு உச்சியில், வானம் தெளிவு என்றால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600, எஃப் (லென்ஸ் திறப்பின் அளவு) 4, ஷட்டர் நேரம் 10 வினாடியில் தொடங்குங்கள். அந்த இளைஞர் ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 5 வினாடியில் எடுத்திருந்தார். ஒளி சரியாகக் கால் பங்கு.

சரியாக எடுத்த படம் நீலவானத்தோடு பகல்போல இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நிலவொளி சூரிய ஒளியின் பிரதிபலிப்புதான், வானத்தை அதுவும் நீலமாகத்தான் ஆக்கும். வீட்டுக்கு வந்தபின் இரவுபோல் தோன்றும்வரை இருட்டாக்கிக்கொள்ளலாம். சேர்த்த ஒளியைக் குறைப்பதால் படம் கெடுவதில்லை.

பௌர்ணமியே சிறந்தது என்ற எண்ணம்

பௌர்ணமி இரவில் நட்சத்திரங்கள் மிகக் குறைவாகவே தெரியும். நிலவு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், முன்னால் உள்ள மலை தட்டையாக, வெட்டி ஒட்டிய அட்டைபோல் இருக்கும். எனக்குப் பிடித்தது வளர்பிறைத் தசமியை ஒட்டிய இரவுகள். நிலவு மேற்கே சாயும்போது ஒளி பக்கவாட்டில் விழும். ஒவ்வொரு முகடும் அடுத்த முகட்டின் மேல் நிழல் போடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பாதி நிலவு பாதி ஒளி தருவதில்லை. அஷ்டமி நிலவின் ஒளி முழுநிலவின் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மூன்று ஸ்டாப்புக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும்.

நிலவு உதிக்கும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்வது

அட்டவணையில் இருப்பது தட்டையான தொடுவானத்துக்கான நேரம். எதிரே மலை 15 டிகிரி உயர்ந்து நின்றால் அதைத் தாண்டி வர நிலவுக்கு ஒரு மணிநேரமாவது வேண்டும். சாய்வாக ஏறுவதால் எதிர்பார்த்த இடத்திலும் வராது. காத்திருக்கும் அந்த நேரத்தில் எல்லோரும் நிலவு வரும் திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் திரும்பி நில்லுங்கள். ஒளி முதலில் எதிர்ச்சிகரத்தின் உச்சியைத் தொடும். பிறகு நிழலின் விளிம்பு சரிவில் மெல்ல மெல்ல இறங்கும். ஒரு பாறை விளங்கும், அதற்குக் கீழே ஒரு பனிக்கோடு, பிறகு மரவரிசை. நிலவொளியில் இதைவிட அழகான காட்சியை நான் கண்டதில்லை.

நிலவையும் படத்துக்குள் கொண்டுவருவது

நிலவு என்பது முழு வெயிலில் கிடக்கும் பாறை. அதன் முகம் தெரிய ஐஎஸ்ஓ 100, எஃப் 11, நூறில் ஒரு வினாடி போதும். அதே அமைப்பில் கீழே இருக்கும் மலை தெரிய ஏறத்தாழ இருபது நிமிடமாவது ஷட்டர் திறந்திருக்க வேண்டும். இந்த இடைவெளியை ஒரே படத்தில் அடக்கும் சென்ஸார் இல்லை. மலை தெரிந்தால் நிலவு வெள்ளைத் திட்டாகிவிடும். இரண்டும் வேண்டுமென்றால் பௌர்ணமிக்கு முந்தைய நாள் மாலை போங்கள். சூரியன் மறைவதற்கு முன்பே நிலவு உதித்துவிடும், மண்ணிலும் வெளிச்சம் மிச்சமிருக்கும்.

லென்ஸில் உள்ள முடிவிலிக் குறி

மிகத் தொலைவில் உள்ளவை தெளிவாகத் தெரியும் இடம் என்று காட்டும் அந்தக் குறியை நம்பாதீர்கள். பல லென்ஸ்கள் அந்தக் குறியையும் தாண்டிச் சுழலும். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் வளையத்தை டேப் ஒட்டி நிறுத்துங்கள். குளிர் ஏறினால் ஃபோகஸ் நகரும், நள்ளிரவில் மறுபடியும் பாருங்கள்.

நட்சத்திரங்கள் கோடாவது

ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருந்தால் நட்சத்திரங்கள் கோடாகும். எத்தனை வினாடிவரை போகலாம் என்று அறிய, 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுப்பது பழைய கணக்கு. 20 மில்லிமீட்டருக்கு 25 வினாடி வரும். பிக்சல் மிகுந்த கேமராவில் அதுவும் அதிகம், 300ஐ வகுத்துக்கொள்ளுங்கள்.

தானியங்கி ஒயிட் பேலன்ஸ்

ஒளியின் நிறத்தைக் கேமரா தானாகச் சரிசெய்ய விடாமல், 4,000 கெல்வின் அளவில் நிறுத்திவிடுங்கள். நிலவொளி நீலமாகத் தெரிவது மங்கிய ஒளியில் நம் கண் செய்யும் வேலை.

கேமராவின் தோள்பட்டை வார்

காற்றில் அடித்துக் கேமராவை அசைக்கும். கழற்றிவிடுங்கள்.

லென்ஸ் மீது பனித்துளி

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

மலையிலேயே படங்களை அழிப்பது

அன்றிரவு அந்த இளைஞர் திரையைக் குறைத்து, ஐஎஸ்ஓ 1600க்கு ஏற்றி, 10 வினாடியில் மீண்டும் எடுத்தார். வரைபடம் நடுவுக்கு வந்துவிட்டது. அவர் முகம் வாடியது. "பகல் மாதிரி இருக்கிறதே அண்ணா, அழித்துவிடவா?" என்றார். விரல் குப்பைத்தொட்டிப் பொத்தானுக்கே போய்விட்டது. "வேண்டாம் தம்பி, வீட்டுக்குப் போய்ப் பெரிய திரையில் பாருங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். முந்தைய படங்களையும் அழிக்க வேண்டாம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன்.